நிலநடுக்கத்தில் நின்றது, சேற்றில் இறங்கியது: டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலின் கட்டுமானம்

டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் என்றதும் கட்டடக்கலை படித்தவர்கள் முதலில் நினைப்பது 1923 செப்டம்பர் 1-ஆம் தேதியை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த புதிய கட்டடத்தின் திறப்பு விழா அன்றுதான். பகல் 11.58-க்குப் பெரும் கான்டோ நிலநடுக்கம் வந்தது. அளவு 7.9. டோக்கியோவும் யோகோஹாமாவும் சரிந்தன, பிறகு எரிந்தன. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் ஒரு லட்சத்து ஐயாயிரம் பேர். ஹோட்டல் நின்றது. சேற்றின் மேல் மிதக்கும்படி ரைட் போட்ட அஸ்திவாரம்தான் அதைக் காப்பாற்றியது என்ற பேச்சு அந்த வாரமே கிளம்பி, நூறு ஆண்டுகளாகப் பாடப் புத்தகங்கள் வரை ஏறிவிட்டது.

அந்தப் பேச்சு பாதி சரி, பாதி தவறு. கட்டடத்தைக் காப்பாற்றியவை பெரும்பாலும் அஸ்திவாரத்துக்கு மேலே இருந்தன. அஸ்திவாரமோ அந்தக் கட்டடத்தின் தீராத நோய். நிலநடுக்கத்தில் தப்பிய ஹோட்டல் 44 ஆண்டுகளில் இடிக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். எந்தப் பகுதி எப்படி வேலை செய்தது, எது ஏன் தவறியது என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கட்டடத்தின் மேல் மதிப்பு கூடுமே தவிர, குறையாது.

நிலம்

ஹோட்டல் நின்ற ஹிபியா பகுதி ஒரு காலத்தில் கடல். டோக்கியோ விரிகுடாவின் ஒரு நாக்கு இங்கே உள்ளே புகுந்திருந்தது. எடோ நகரம் (டோக்கியோவின் பழைய பெயர்) உருவான 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அதைத் தூர்த்து நிலமாக்கினார்கள். ஒரு பக்கம் அரண்மனை அகழி, இன்னொரு பக்கம் இன்றைய ஹிபியா பூங்கா. தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் ஊறும். மேலே சுமார் 8 அடிக்கு ஓரளவு இறுகிய மண், அதற்குக் கீழே 60 முதல் 70 அடி வரை குழைவான சேறு. இந்தக் கணக்கு ரைட்டே எழுதிவைத்தது.

முதல் இம்பீரியல் ஹோட்டல் 1890-இல் இதை ஒட்டிய இடத்தில் திறக்கப்பட்டது. மேற்கு நாடுகளோடு சரிசமமாக நிற்க விரும்பிய பேரரசர் மெய்ஜியின் அரசுக்கு, வெளிநாட்டு விருந்தினரைத் தங்கவைக்கத் தலைநகரில் ஒரு தரமான விடுதி தேவைப்பட்டது. வெளியுறவு அமைச்சர் இனோவே கவோரு தூண்டுதலாக இருந்தார். ஷிபுசாவா எயிச்சி, ஓகுரா கிஹாச்சிரோ போன்ற தொழிலதிபர்கள் பணம் போட்டார்கள். வதனாபே யுசுரு வடிவமைத்த அந்தக் கட்டடத்தில் சுமார் 60 அறைகள். பயணிகள் பெருகப் பெருக அது போதவில்லை. பெரிய ஹோட்டல் வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. மேலாளர் ஹயாஷி ஐசாக்கு 1916-இல் அமெரிக்கா சென்று ரைட்டைச் சந்தித்தார். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களைத் தேடித் தேடி வாங்கிய ரைட்டுக்கு ஜப்பான் புதிதல்ல.

வேலை இழுத்துக்கொண்டே போனது. செலவு முதலில் போட்ட மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. 1919-இல் பழைய ஹோட்டலின் துணைக் கட்டடம் எரிந்தது. 1922 ஏப்ரல் 16-இல் பழைய பிரதானக் கட்டடமே எரிந்து போனது. பத்தே நாளில், ஏப்ரல் 26-இல், ஒரு பலமான நிலநடுக்கம் பாதி முடிந்த புதிய கட்டடத்தை உலுக்கியது. கட்டடம் அதைத் தாங்கிக்கொண்டது. ஆனால் ஹயாஷி பதவி விலகினார். ரைட்டும் அந்த ஆண்டு ஜூலையில் ஜப்பானை விட்டுக் கிளம்பினார், பிறகு திரும்பவே இல்லை. மீதி வேலையை முடித்தவர் அவருடைய ஜப்பானிய உதவியாளர் எண்டோ அராட்டா. கட்டுமானப் பொறுப்பில் சிகாகோவிலிருந்து வந்த பால் முல்லர் இருந்தார். ரைட்டின் பெயர் மட்டுமே நினைவில் நிற்கும் இந்தக் கட்டடத்தில் இந்த இருவரின் பங்கு மிகப் பெரிது.

8 அடி பைல்

அந்தக் காலத்தில் சேற்று நிலத்தில் பெரிய கட்டடம் கட்டுபவர்கள் நீளமான மரப் பைல்களை, அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணில் அடித்து இறக்கும் கம்பங்களை, சேற்றைத் தாண்டிக் கெட்டி மண் வரை இறக்குவார்கள். ரைட் அதை வேண்டாம் என்றார். கெட்டி மண்ணில் ஊன்றிய கட்டடம் அந்த மண்ணின் அதிர்ச்சியை நேராக வாங்கிக்கொள்ளும், சேற்றின் மேல் இருந்தால் சேறு மெத்தையாகி அதிர்ச்சியை விழுங்கிவிடும் என்பது அவர் வாதம். போர்க்கப்பல் கடல்நீரில் மிதக்கிறதே, கட்டடம் சேற்றில் மிதந்தால் என்ன என்று தன் சுயசரிதையில் கேட்கிறார்.

செய்த முறை இது. அடிப்பக்கம் கூம்பிய ஒரு மரப் பைலை 8 அடி ஆழத்துக்கு அடித்து இறக்குவார்கள். குழியின் விட்டம் சுமார் 9 அங்குலம். பைலை உருவியதும், பக்கவாட்டு மண் சரிவதற்குள், தண்ணீர் ஏறுவதற்குள், கான்கிரீட்டைக் கொட்டிவிட வேண்டும். இப்படிச் சுவர்களுக்கு அடியில் 2 அடிக்கு ஒன்றாகக் குத்துப் பைல்கள். அவற்றின் தலைமேல் அகலமான கான்கிரீட் பட்டை, அதன் மேல் சுவர். வேலை தொடங்கும் முன் லோடு டெஸ்ட்டும் செய்தார்கள். சோதனைப் பைல்களின் மேல் வார்ப்பிரும்புக் கட்டிகளை அடுக்கி, எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அந்தக் கணக்கில்தான் பைல்களின் எண்ணிக்கையை முடிவு செய்தார்கள். 1919-இன் அறிவுக்கு அது கவனமான வேலை.

தவறு எங்கே நுழைந்தது? தனிப் பைலின் சோதனை, கட்டடம் முழுவதற்கும் பொருந்தும் என்று நம்பியதில். மண்ணுக்குள் பாரம் எப்படிப் பரவுகிறது என்பதைத் தோராயமாகக் கணக்கிடப் பொறியாளர்கள் வைத்திருக்கும் ஒரு எளிய விதி உண்டு. ஆழம் கூடக் கூட, பாரம் தாங்கும் பரப்பு ஒவ்வொரு திசையிலும் அந்த ஆழத்தின் அளவுக்கு அகன்றுகொண்டே போகும். 60 செ.மீ. சதுரத்தில் வைத்த சோதனைப் பாரம் 6 மீட்டர் ஆழத்தை எட்டும்போது 6.6 மீட்டர் சதுரத்தில் பரவியிருக்கும். அங்கே மிஞ்சுவது மேலே இருந்த அழுத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதாவது சோதனையின்போது அடியிலுள்ள சேறு அந்தப் பாரத்தை உணரவே இல்லை. மேலேயுள்ள 8 அடி இறுகிய மண்ணைத்தான் சோதித்தார்கள்.

கட்டடத்தின் கதை வேறு. 20 மீட்டர் அகலம், 150 மீட்டர் நீளம் கொண்ட ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். அதே 6 மீட்டர் ஆழத்தில் அந்தப் பரப்பு 26-க்கு 156 மீட்டராகத்தான் விரியும். மேலே உள்ள அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அப்படியே சேற்றின் மேல் உட்காரும். நெருக்கி நட்ட குட்டைப் பைல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாக இயங்கி, கட்டடத்தின் முழுப் பாரத்தையும் அடியிலுள்ள பலவீனமான அடுக்குக்கு இறக்கிவிட்டன.

காலமும் ஏமாற்றியது. ஈரக் களிமண் பாரம் ஏறியதும் உடனே சுருங்காது. உள்ளே இருக்கும் நீர் மெல்லப் பிதுங்கி வெளியேற வேண்டும். களிமண்ணில் நீர் நகர்வது மிக மெதுவாக என்பதால் இறக்கம் ஆண்டுக்கணக்கில் தொடரும். சில வாரச் சோதனையில் இது தெரியாது. களிமண் இப்படி இறுகுவதைக் கணக்கிடும் கோட்பாட்டை மண் பொறியாளர் கார்ல் டெர்ஸாகி முழு நூலாக வெளியிட்டது 1925-இல், ஹோட்டல் திறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து. ரைட்டைக் குறை சொல்பவர்கள் இந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சிக்கல், பாரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லாதது. திட்டத்தில் ஹோட்டல் ஆங்கில எழுத்து 'எச்' வடிவம். இரு பக்கமும் 500 அடி நீளத்தில், தாழ்ந்த அறைத்தொகுதிகள். நடுவே வரவேற்புக் கூடம், உணவுக்கூடம், நாடக அரங்கு, விருந்து மண்டபம் என்று உயரமும் கனமுமான தொகுதி. கட்டடம் முழுவதும் சீராக இறங்கியிருந்தால் பெரிய தொல்லை இல்லை. வாசலில் ஒரு படி குறையும், அவ்வளவுதான். கனமான நடுப்பகுதி அதிகமாகவும் ஓரங்கள் குறைவாகவும் இறங்கும்போதுதான் தளம் சாய்கிறது, சுவர் வெடிக்கிறது, கதவு நிலையில் சிக்குகிறது.

மேலே செய்த நல்ல வேலைகள்

அஸ்திவாரத்துக்கு மேலே வந்தால், நிலநடுக்கத்தைப் பற்றி ரைட் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது பளிச்சென்று தெரிகிறது.

முதலாவது கூரை. ஜப்பானின் பெரிய வீடுகளில் கனமான மண் ஓடுகள் இருந்தன. ஆட்டத்தில் அவை தெருவில் கொட்டி ஆட்களைக் கொல்லும், கூரையின் கனமே சுவரைத் தள்ளிச் சாய்க்கும். ரைட் ஓட்டை விட்டுவிட்டு லேசான செப்புத் தகடு போட்டார். சுவர்கள் அடியில் தடிமன், மேலே போகப் போக மெலிவு. ஜன்னல்களும் கீழே சிறியவை, குறைவானவை. நிலநடுக்க விசை கட்டடத்தின் எடையைப் பொறுத்தது, அந்த எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு கவிழ்க்கும். ஆகவே எடையைக் கீழே வைத்தது மிகச் சரியான முடிவு.

இரண்டாவது, பிரிப்பு. நீளமான கட்டடத்தின் ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை வேறு பக்கமும் ஆடும். கட்டடம் ஒரே துண்டாக இருந்தால் நடுவில் கிழியும். ரைட் தன் நீண்ட தொகுதிகளைச் சுமார் 60 அடிக்கு ஒரு துண்டாக, சுவர், தளம், அஸ்திவாரம் எல்லாவற்றையும் ஊடறுத்து ஜாயின்ட் விட்டுப் பிரித்தார். ஒவ்வொரு துண்டும் தன்போக்கில் ஆடலாம். பின்னாளில் கட்டடம் சமமில்லாமல் இறங்கியபோதும், அது பிளந்துவிடாமல் இத்தனை ஆண்டு ஓடியதற்கு இந்த ஜாயின்ட்களே காரணம் என்பது என் கணிப்பு.

மூன்றாவது, குழாயும் மின்கம்பியும். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் தண்ணீர்க் குழாய்கள் முறிந்ததால் தீயை அணைக்க வழியில்லாமல் போனது. ரைட் குழாய்களையும் மின்கம்பிகளையும் சுவருக்குள் புதைக்கவில்லை. அஸ்திவாரத்தோடு ஒட்டாத தனிக் கால்வாய்களில் விட்டார், அல்லது தளத்திலிருந்து தளர்வாகத் தொங்கவிட்டார். குழாய்களுக்கு வளைந்துகொடுக்கும் ஈயம், திருப்பங்களில் முட்டுமுட்டான இணைப்புக்குப் பதில் நீண்ட வளைவு. ஆடும்போது குழாய் நெளியும், முறியாது. இன்றைக்கும் பல கட்டடங்களில் பிழையாகவே இருக்கும் விஷயம் இது.

நான்காவது, தளம். வெளிச்சுவர்களின் மேல் தளத்தை ஏற்றிவைத்தால், சுவர் வெளியே சாயும்போது தளம் நழுவி விழும். ரைட் தளங்களை நடுத் தாங்கல்களின் மேல் வைத்து, இரு பக்கமும் கேண்டிலீவராக, அதாவது முனையில் தாங்கல் இல்லாமல், வெளியே நீட்டினார். பரிமாறுபவர் விரித்த விரல்களின் மேல் தட்டை ஏந்துவது போல என்று அவரே சொல்வார். அது அழகான யோசனைதான், ஆனால் எல்லா இடத்திலும் நல்லதல்ல. நீட்டிய பால்கனிகளின் விளிம்பில் கனமான கல் கைப்பிடிச் சுவர்களையும் செதுக்கு வேலையையும் ஏற்றியிருந்தார். இன்றைய நிலநடுக்க விதிகளைப் படித்த எந்தப் பொறியாளரும் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஐந்தாவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரியது: சுவர். வெளியே ஒரு வரிசைச் செங்கல், உள்ளே ஒரு வரிசைச் செங்கல், நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில் கம்பி நிறுத்தி கான்கிரீட் ஊற்றினார்கள். சென்ட்ரிங் பலகை தேவையில்லை, செங்கல்லே அச்சு, செங்கல்லே முடிவான முகப்பு. மூன்றும் ஒட்டி ஒரே உடம்பாகிவிடும். இதில் கவனம் தப்பினால் சுவர் வீணாகும். ஈரக் கான்கிரீட் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரம்பினால் அடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 2.4 டன் பக்கவாட்டு அழுத்தம் தரும். பச்சைக் கலவையில் நிற்கும் ஒற்றைச் செங்கல் வரிசை அதைத் தாங்காது. ஆகவே சில வரிசை கட்டு, கொஞ்சம் ஊற்று, இறுக விடு, மறுபடி கட்டு என்றுதான் ஏற முடியும். நன்றாகக் குத்திவிடாவிட்டால் உள்ளே பொந்து விழும். பலகை அச்சு என்றால் பிரித்ததும் பொந்து தெரியும், இங்கே செங்கல் மூடிக்கொண்டிருப்பதால் தெரியவே தெரியாது. இவ்வளவு பெரிய கட்டடத்தில் அதை ஒழுங்காகச் செய்து முடித்தது கொத்தனார்களின் திறமை.

இந்தச் சுவர்களால் ஹோட்டல் தாழ்வான, விறைப்பான ஒரு பெட்டியாக இருந்தது. அப்படிப்பட்ட கட்டடம் விநாடியில் பல முறை துடிக்கும். ஆழமான சேற்று நிலமோ மெதுவாக, ஒரு அலைவுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி எடுத்து ஆடும். இரண்டின் தாளமும் ஒத்துப்போகாததால் ஆட்டம் பெருகவில்லை. மென்மையான சேறு அதிர்வை விழுங்கும் என்ற ரைட்டின் நம்பிக்கை பொதுவாகத் தவறு. பல நிலநடுக்கங்களில் சேற்று நிலம் அதிர்வைப் பெருக்கித்தான் காட்டியிருக்கிறது. இதே சேற்றின் மேல், நிலத்தின் தாளத்தோடு ஒத்து ஆடும் உயரமான கட்டடத்தை ரைட் கட்டியிருந்தால் முடிவு வேறாகியிருக்கும்.

செப்டம்பர் 1

அன்று உண்மையில் என்ன நடந்தது? ஹோட்டல் சேதமில்லாமல் நிற்கிறது, உங்கள் மேதைமைக்கு நினைவுச்சின்னமாக நிற்கிறது என்று ஓகுராவின் பெயரில் வந்த தந்தியை ரைட் உலகுக்குக் காட்டினார். சேதம் இல்லாமல் இல்லை. நடுப்பகுதி கீழே இறங்கியது, சில தளங்கள் புடைத்தன, சில கற்கள் விழுந்தன. பின்னர் கட்டடங்களைச் சேத அளவின்படி வகைப்படுத்தியபோது இம்பீரியல் வந்தது முதல் வகையில் அல்ல, லேசான சேதம் என்ற இரண்டாம் வகையில். அது நல்ல மதிப்பெண். தனித்து நின்ற அதிசயம் அல்ல.

அருகிலேயே ஒப்பிடக் கட்டடங்கள் இருந்தன. நைட்டோ டாச்சூ என்ற பொறியாளர் கணக்கிட்ட ஜப்பான் தொழில் வங்கிக் கட்டடம், எஃகுச் சட்டகத்தோடு கான்கிரீட் சுவர்களை இணைத்தது, ஏறக்குறையச் சேதமே இல்லாமல் நின்றது. இவர்தான் பிற்காலத்தில் டோக்கியோ டவரை வடிவமைத்தவர். அதே ஆண்டு முடிந்த மாருனோவுச்சி கட்டடம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீண்ட பைன் மரப் பைல்களின் மேல் நின்றது. ரைட் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே முறை. அது அடிபட்டது, பழுது பார்த்தார்கள், 1990-களின் பிற்பகுதி வரை பயன்பட்டது. இன்னொரு பக்கம், கட்டிக்கொண்டிருந்த நைகாய் கட்டடம் இடிந்து உள்ளே இருந்த தொழிலாளர்களைக் கொன்றது. ஆழப் பைலா, மிதக்கும் அஸ்திவாரமா என்பது வேறுபாட்டைத் தீர்மானிக்கவில்லை. சுவரும் சட்டகமும் எப்படி இணைக்கப்பட்டன என்பதே தீர்மானித்தது. அடுத்த ஆண்டே ஜப்பான் கட்டட விதிகளைத் திருத்தி, கட்டடத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நைட்டோவின் வழியில்தான் ஜப்பானியப் பொறியியல் நடந்தது, ரைட்டின் மிதக்கும் அஸ்திவாரத்தின் வழியில் அல்ல.

தீயிலிருந்து தப்பியதற்குத்தான் ஹோட்டலை மனமாரப் பாராட்ட வேண்டும். அன்று இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தீயில் இறந்தவர்கள். ஹோட்டலின் வாசலுக்கு முன்னால் ஒரு பெரிய குளம். பார்வைக்கு அழகு, ஆனால் ரைட் அதை வைத்தது குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் தீயணைக்க. செலவைக் குறைக்கும் கூட்டத்தில் அதை வெட்டப் பார்த்தார்கள், விடமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றதாக எழுதுகிறார். நகரம் எரிந்தபோது அந்தக் குளத்துத் தண்ணீரை வாளி வாளியாகக் கைமாற்றிச் சுவர்களையும் ஜன்னல்களையும் நனைத்தார்கள். செங்கல், கல், கான்கிரீட், செப்பு என்று எரியாத உடம்பு, ஒரு பக்கம் பூங்காவின் வெட்டவெளி. எல்லாம் சேர்ந்து உதவின. அடுத்த வாரங்களில் தூதரகங்களும் பத்திரிகை அலுவலகங்களும் இங்கே இடம் பெயர்ந்தன.

ஓயா கல், கீறல் செங்கல்

வெளித்தோற்றத்தை உருவாக்கியவை இரண்டு பொருள்கள். டோச்சிகி மாநிலத்தில் உட்சுனோமியா நகருக்கு அருகே ஓயா என்ற ஊரில் வெட்டப்படும் எரிமலைச் சாம்பல் கல் ஒன்று. அந்த வட்டாரத்தில் கிட்டங்கிச் சுவர்களுக்கும் மதில்களுக்கும் பயன்பட்ட கல் அது. வெட்டிய புதிதில் இளம் பச்சை, காய்ந்தால் சாம்பல் பழுப்பு. எடை குறைவு, நெருப்புக்குத் தாங்கும், உளிக்கு இசைந்து கொடுக்கும். ரைட் வேண்டியது அதுதான். ஒரு சுவர் விளிம்பைக்கூட வெறுமையாக விடாமல், சதுரங்கள், முக்கோணங்கள், மயிலின் சாயல்கள் என்று செதுக்க வைத்தார்.

கிட்டே போய்ப் பார்த்தால் கல்லில் ஆங்காங்கே பழுப்பு நிறத்தில் களிமண் திட்டுகள் பதிந்திருக்கும். கல்தச்சர்கள் அவற்றை 'மிசோ' என்பார்கள். அவைதான் கல்லின் பலவீனம். மழையில் மிசோ முதலில் கரைந்து குழி விழும். குழியில் நீர் தங்கும். குளிர்காலத்தில் உறையும், உறைந்த நீர் விரிந்து குழியின் விளிம்பைப் பெயர்க்கும். நுண்துளை நிறைந்த கல் என்பதால் மற்ற இடங்களும் நீரை உறிஞ்சும். மதில் சுவர் என்றால் குழி விழுந்தாலும் கவலை இல்லை. நுணுக்கமாகச் செதுக்கிய விளிம்புகளில், அதுவும் மழை நேராகப் படும் கைப்பிடிச் சுவர்களின் உச்சியில் அதை வைத்தது பராமரிப்பவர்களுக்குத் தலைமுறைத் தொல்லையாயிற்று. உள்ளே வைத்த கல் நன்றாகவே நின்றது.

செங்கல் டோக்கொனாமே என்ற குயவர் ஊரில் தயாரானது. சிவப்பு வேண்டாம், மஞ்சள் வேண்டும், முகப்பில் சீப்பால் வாரியது போல் நெடுக்குக் கீறல்கள் வேண்டும் என்று ரைட் கேட்டார். இதற்காகவே ஹோட்டல் அங்கே ஒரு சூளையை அமைத்தது. களிமண் ஈரமாக இருக்கும்போதே கீறி, பிறகு சுட்டார்கள். கீறலின் நிழலால் சுவர் வெயிலில் பளீரென்று அடிக்காமல் மென்மையாகத் தெரியும். துளையிட்ட செங்கற்களும் டெரகோட்டா (சுட்ட களிமண்) ஓடுகளும் அங்கேயே செய்தார்கள். அதில் வழிகாட்டிய இனா குடும்பத்தின் தொழில்தான் பின்னர் இனாக்ஸ் நிறுவனமாயிற்று, இன்று லிக்சில் குழுமத்தில் இருக்கிறது. நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பான் முழுவதும் இந்தக் கீறல் முகப்பு பரவியது. கனமான செங்கல்லுக்குப் பதில் மெல்லிய ஓடாக, கான்கிரீட் சுவர் மேல் ஒட்டினார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹோங்கோ வளாகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். ஜப்பானியக் கட்டடங்களுக்கு இம்பீரியல் ஹோட்டல் விட்டுச்சென்ற நேரடிச் சொத்து அஸ்திவாரம் அல்ல, இந்த மஞ்சள் கீறல்தான்.

உள்ளே நுழைபவரை ரைட் எப்படி நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். வாசலில் கூரை கைக்கெட்டும் தூரம் போலத் தாழ்ந்திருக்கும். சில படி ஏறியதும் மூன்று தள உயரத்துக்குக் கூடம் திறந்துகொள்ளும். நான்கு மூலைகளிலும் பெரிய தூண்கள், துளையிட்ட செங்கல்லும் டெரகோட்டாவும் கல்லும் கலந்து கட்டியவை. உள்ளே விளக்கு. தூணின் துளைகள் வழியாகப் பொன்னிற ஒளி கசியும். பாரம் தாங்கும் இடத்தையே விளக்காக்கிய அந்த வேலைக்கு இணையாக ஹோட்டல் கட்டடங்களில் எனக்கு வேறொன்று தெரியாது. நாற்காலி, கம்பளம், உணவுத் தட்டு வரை ரைட்டின் வடிவமைப்பு.

எல்லோரும் இதை ரசிக்கவில்லை. ரைட்டோடு 1919 டிசம்பர் 31-இல் ஜப்பான் வந்திறங்கிய உதவியாளர் அன்டோனின் ரேமண்ட், இந்தக் கனத்த அலங்காரத்துக்கும் ஜப்பானின் எளிய மரவீடுகளுக்கும் சம்பந்தமே இல்லை என்று கருதி, ஓர் ஆண்டுக்குப் பின் விலகித் தன் அலுவலகத்தை டோக்கியோவில் தொடங்கினார். அந்த ரேமண்ட்தான் பிறகு புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்தவர். திறந்துமூடும் கல்நார்ச் சட்டங்களால் ஆன முழு நீளச் சுவர், தேக்கு இழுவைக் கதவுகள், கடப்பைக் கல் தளம், அலங்காரம் என்று ஒன்றுமே இல்லாத கான்கிரீட். இம்பீரியலுக்கு ரேமண்ட் சொன்ன பதிலை நம் கடற்கரையிலேயே பார்க்கலாம்.

இறங்கிக்கொண்டே போனது

1945 மே மாதக் குண்டுவீச்சில் தெற்குத் தொகுதியும் விருந்து மண்டபமும் எரிந்தன. போருக்குப் பின் 1952 வரை ஹோட்டல் அமெரிக்கப் படையின் கையில். அவசரப் பழுதுபார்ப்புகள் பல மூல வேலைப்பாடுகளை மறைத்தன. அடியில் களிமண் சுருங்குவது மட்டும் நிற்கவில்லை. 1960-களில் சில பகுதிகள் முதலில் இருந்த மட்டத்திலிருந்து 3 அடிக்கும் மேல் இறங்கியிருந்தன. நீண்ட நடைவழிகள் மேடும் பள்ளமுமாயின.

இறங்கிய கட்டடத்தைச் சரிசெய்ய முடியாதா? சாதாரணமாக, சுவருக்கு அடியில் பகுதி பகுதியாகத் தோண்டி, ஆழமான பைல்களை இறக்கி, பாரத்தை அவற்றின் மேல் மாற்றுவார்கள். இங்கே தொடர்ச்சியான கனச் சுவர்கள், அவற்றின் அடியில் 2 அடிக்கு ஒன்றாகக் குட்டைப் பைல், தோண்டினால் தண்ணீர். செய்ய முடியாதது அல்ல, ஆனால் செலவு பயங்கரம். செலவழித்தாலும் கிடைப்பது குளிர்சாதன வசதியற்ற, தாழ்ந்த கூரை கொண்ட, 300-க்கும் குறைவான அறைகள். அமர்ந்திருப்பதோ டோக்கியோவின் மிக விலையுயர்ந்த நிலங்களில் ஒன்றில். உரிமையாளர்களின் கணக்கு புரியக்கூடியதே. உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் எதிர்த்தார்கள், ரைட்டின் மனைவி ஓல்கிவானா நேரில் டோக்கியோ வந்து பேசினார். 1967 நவம்பர் 15-இல் ஹோட்டல் மூடப்பட்டது. 1968 தொடக்கத்துக்குள் இடித்து முடித்தார்கள். 1970-இல் அதே இடத்தில் 17 மாடிக் கட்டடம் திறந்தது.

காப்பாற்றப்பட்டது முன்வாசல், வரவேற்புக் கூடம், குளம். இவை நகோயாவுக்கு வடக்கே இனுயாமா நகரில் உள்ள மெய்ஜி-முரா என்ற திறந்தவெளிக் கட்டட அருங்காட்சியகத்துக்குப் போயின. இங்கே ரைட்டின் சுவர் ஒரு புதிய சிக்கலைக் கொடுத்தது. ஜப்பானிய மரவீட்டைக் கழற்றி எண் போட்டு வேறிடத்தில் மாட்டிவிடலாம். செங்கல்லும் கான்கிரீட்டும் ஒன்றாக இறுகிய இந்தச் சுவரைக் கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும். ஆகவே புதிய கான்கிரீட் எலும்புக்கூட்டைக் கட்டி, அதன் மேல் எடுத்துவந்த செங்கல், டெரகோட்டா, கல் துண்டுகளைப் பதித்தார்கள். மழையில் அழிந்துபோன ஓயா கற்களுக்குப் பதில் முன்வார்ப்புக் கான்கிரீட் வைத்தார்கள். வெளிப்புறம் 1976-இல் முடிந்தது, உட்புறம் 1985-இல். அங்கே போகிறவர்கள் நகோயாவிலிருந்து மெய்தெட்சு ரயிலில் இனுயாமா இறங்கி, பேருந்தில் போக வேண்டும். ஒளித் தூண்களின் கீறல் செங்கல் அடுக்கில் கிடைமட்ட இணைப்புகள் உள்வாங்கி நிழல் விழுவதைக் கிட்டே நின்று பாருங்கள். கொத்தனாரின் கை எவ்வளவு சுத்தம் என்பது தெரியும்.

டோக்கியோவில், இன்றைய இம்பீரியல் ஹோட்டலின் 'ஓல்ட் இம்பீரியல் பார்' மதுக்கூடத்தில் பழைய ஓயா கல்லும் டெரகோட்டாவும் கொஞ்சம் இருக்கின்றன. 1970-இன் கட்டடமும் இனி நெடுநாள் நிற்காது. 1983-இல் கட்டிய 31 மாடி கோபுரத்தை முதலில் அகற்றி, பிறகு பிரதானக் கட்டடத்தையும் புதிதாகக் கட்டுவது என்று 2021-இல் நிறுவனம் அறிவித்தது. புதிய பிரதானக் கட்டடத்தை வடிவமைப்பவர் டானே சுயோஷி. 2036-இல் முடிக்கத் திட்டம்.